ஆலை மதிலும் அடுக்ககமும்: மும்பை கிரண்காவ் பற்றிய ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

மும்பைத் தீவு நகரின் நடுவே பைகுல்லா, சிஞ்ச்போக்லி, லால்பாக், பரேல், லோயர் பரேல், வொர்லி, நைகாவ், சிவ்ரி எனத் தொடரும் நிலப்பரப்பை மராத்தியர் கிரண்காவ், அதாவது ஆலையூர், என்று அழைத்தனர். பஞ்சாலைகளின் கைவசம் மட்டும் இங்கே ஏறத்தாழ 600 ஏக்கர் இருந்தது. இன்று அந்நிலத்தின் பெரும்பகுதியில் அடுக்ககங்களும் அவற்றையொட்டி அலுவலகங்களும் வணிக வளாகங்களும் நிற்கின்றன. ஆலைச் சங்குக்கு எழுந்த ஊர், இந்தியாவிலேயே விலையுயர்ந்த வீடுகள் விற்கும் ஊர்களில் ஒன்றாகிவிட்டது.

இம்மாற்றத்தைத் தொழிற்பகுதி குடியிருப்புப் பகுதியானதாக நகரியல் நூல்கள் வருணிப்பது வழக்கம். அந்த வருணனையை இக்கட்டுரை ஏற்கவில்லை. ஆலைகள் ஓடிய நாளிலேயே கிரண்காவ் ஒரு குடியிருப்பாக இருந்தது; மிக நெருக்கமான குடியிருப்பாகவும் இருந்தது. வீடில்லாத இடத்தில் வீடு வந்த வரலாறாக இதைச் சொல்வது, அங்கே ஏற்கெனவே குடியிருந்த இரண்டரை லட்சம் தொழிலாளரையும் அவர்தம் குடும்பங்களையும் கணக்கிலிருந்து அடித்துவிடுவதாகும். ஒரு குடியிருப்பின் இடத்தில் இன்னொரு குடியிருப்பு வந்தது எப்படி, அதில் சந்தைக்கு எவ்வளவு பங்கு, அரசு விதிகளுக்கு எவ்வளவு பங்கு என்பதே இங்கு ஆராயப்படுகிறது. பஞ்சுத் தொழிலின் பொருளியல் வரலாற்றை, நில வரலாற்றுக்கு வேண்டிய அளவில் மட்டும் தொட்டுச் செல்கிறோம்.

2. ஆலைகள் வந்த வகை

காவஸ்ஜி நானாபாய் தாவர் என்ற பார்சி வணிகர் 1854-இல் பம்பாய் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் கம்பெனியைத் தொடங்கினார். தார்தேவில் அமைந்த அந்த ஆலையில் 1856-இல் உற்பத்தி தொடங்கிற்று. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1861–65 ஆண்டுகளில் லங்காஷயர் ஆலைகள் பஞ்சுக்கு இந்தியாவைத் தேடி வந்தன. பம்பாய் வணிகர் கையில் பெரும்பணம் புரண்டது. அந்தப் பணமும், சீனச் சந்தைக்கு நூல் அனுப்பிய இலாபமும் மேலும் ஆலைகளாயின. இருபதாம் நூற்றாண்டு பிறக்கையில் நகரில் 80-க்கு மேற்பட்ட ஆலைகள் ஓடின.

கோட்டைப் பகுதிக்கு வடக்கே பரேல் பக்கம் அவை திரண்டதற்குக் காரணம் எளிது. நிலம் மலிவு, இரு இரயில் பாதைகள் அருகருகே ஓடின, துறைமுகமும் தொலைவில்லை. ஒவ்வோர் ஆலையும் தனித்தனியாக நிலம் வாங்கி, உயரமான மதில் எழுப்பி, ஒரே வாயில் வைத்தது. கொதிகலனுக்கு நீர் தரும் குளம், புகைக்கூண்டு, கிடங்கு, நெசவுக் கூடம் எல்லாம் மதிலுக்குள் அடங்கின. எஞ்சியிருந்த இடைவெளிகளே தெருக்களாயின. ஊரைத் திட்டமிட்டு வகுத்துவிட்டு ஆலைகளுக்கு இடம் தந்தவர் எவருமில்லை. மதில்களின் இந்த அமைப்பை வாசகர் நினைவில் கொள்ள வேண்டும். ஏழாம் பிரிவில் அதன் விளைவு வருகிறது.

3. குடியிருப்பாக இருந்த ஆலையூர்

தொழிலாளரில் பெரும்பாலோர் கொங்கணத்து இரத்தினகிரியிலிருந்தும், சாத்தாரா, கோலாப்பூர் முதலிய தக்காணப் பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள். ஆள் எடுக்கும் அதிகாரம் ஜாபர் என்ற மேஸ்திரியின் கையில் இருந்தது. அவர் தம் ஊராரையும் உறவினரையும் அழைத்துவந்தார். நிரந்தர வேலை கிடைக்காதவர் பத்லி ஆட்களாகக் காலையில் வாயிலில் நின்று, எவன் வரவில்லையோ அவன் இடத்தில் அன்றைக்கு வேலை பார்த்தனர். ஆகவே ஆலை வாயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு இருப்பது வசதிக்கான ஏற்பாடன்று, பிழைப்புக்கே அடிப்படை.

வீடு என்றால் சால். நீண்ட நடையை ஒட்டி வரிசையாக அறைகள். மாடிக்கு ஒரு பொதுக் குழாய், பொதுக் கழிப்பிடம். கோலி எனப்பட்ட ஓர் அறை பெரும்பாலும் பத்தடிக்குப் பத்தடி. பகல் ஷிப்ட்காரர் எழுந்த பாயில் இரவு ஷிப்ட்காரர் படுப்பது சாதாரணம். 1896-இல் பிளேக் தாக்கியபின் 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்தது. 1920-இல் பம்பாய் வளர்ச்சித் துறை வந்தது. பின்னது வொர்லி, நைகாவ், டிலைல் ரோடு, சிவ்ரி ஆகிய நான்கு இடங்களில் 207 கட்டடங்களைக் கட்டியது. அவையே பி.டி.டி. சால்கள். கட்டடத்துக்கு 80 அறை, அறைக்கு 160 சதுர அடி. கற்காரையில் கட்டிய அந்த முரட்டுக் கட்டடங்களை அன்றே பலர் சிறைக்கூடம் என்று பழித்தனர். இருந்தும் நூறாண்டு தாங்கின.

1921 குடிக்கணக்கில் பம்பாய்ப் பெண்களின் எண்ணிக்கை ஆண்களின் எண்ணிக்கையில் பாதியளவே. மனைவி மக்களை ஊரில் விட்டுவந்த ஆண்களுக்குச் சோறு போட்டவை கானாவள்கள். சாலிலேயே குடியிருந்த பெண்கள் மாதக் கணக்கில் பணம் பெற்றுச் சமைத்துப் போட்ட வீட்டுச் சாப்பாட்டுக் கடைகள். ஆலை வரலாறு எழுதியோர் நெடுங்காலம் இப்பெண்களைத் தொழிலாளராகவே கருதவில்லை. 1975-இல் பிரேமா புராவ் தொடங்கிய அன்னபூர்ணா மகிளா மண்டல், கந்துவட்டிக்காரரிடம் சிக்கியிருந்த இவர்களுக்கு வங்கிக் கடன் பெற்றுத் தந்த பிறகே இவர்கள் பொதுப் பார்வைக்கு வந்தனர் எனலாம்.

ஊர்ச் சங்கங்கள், பஜனைக் குழுக்கள், உடற்பயிற்சிக் கூடங்கள், சாஹிர் எனப்பட்ட மக்கள் பாடகர்களின் பாட்டு மேடைகள் என்று அப்பகுதிக்குத் தனிப் பண்பாடு இருந்தது. இன்று நாடறிந்த லால்பாக்சா ராஜா கணபதி 1934-இல் அங்கே எழுந்ததே. மராத்தியருக்குத் தனி மாநிலம் கோரிய சம்யுக்த மகாராஷ்டிர இயக்கத்துக்குப் பாட்டாலும் நாடகத்தாலும் உயிரூட்டிய அமர் ஷேக், அண்ணாபாவ் சாட்டே ஆகியோருக்கு இத்தெருக்களே மேடை. மீனா மேனனும் நீரா ஆடார்க்கரும் தொழிலாளர் வாய்மொழிகளைத் தொகுத்து 2004-இல் வெளியிட்ட நூல் இந்த வாழ்வுக்கு மிகச் சிறந்த சான்று.

4. ஊருக்குள் இருந்த பிளவுகள்

பழைய கிரண்காவைப் பொற்காலமாகக் காட்டும் போக்கு இப்போது பெருகிவருகிறது. அது ஆய்வாளர் விலக்க வேண்டிய மயக்கம். நெசவுப் பிரிவில் கூலி அதிகம். ஆனால் தலித் தொழிலாளருக்கு அங்கே இடமில்லை. நாடாவில் நூல் கோக்க அதன் துளையில் வாய் வைத்து உறிஞ்ச வேண்டியிருந்தது, ஆகவே தீட்டு என்று மற்றவர் மறுத்தனர். பரேலிலேயே மேம்பாட்டு டிரஸ்ட் சாலில் ஆண்டுக்கணக்கில் குடியிருந்த அம்பேத்கர், 1928-ஆம் ஆண்டுப் பெரு வேலைநிறுத்தத்தின்போது இக்கேள்வியைச் செங்கொடிச் சங்கத் தலைவர்கள் முன் வைத்தார். வர்க்க ஒற்றுமை பேசிய சங்கங்கள் அதுவரை அதைக் கண்டுகொள்ளவில்லை.

1966-இல் பிறந்த சிவசேனை இப்பகுதி இளைஞரிடையேதான் வேரூன்றியது. அதன் முதல் இலக்கு தென்னிந்தியர், அவர்களுள் முதன்மையாகத் தமிழர். எழுத்தர் வேலைகளைத் தமிழர் பறித்துக்கொள்கிறார்கள் என்ற பரப்புரை ஆலைப் பகுதிச் சால்களில் எடுபட்டது. 1970 ஜூனில் கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ணா தேசாய் கொல்லப்பட்டார். தொடர்ந்து வந்த இடைத்தேர்தலில் சிவசேனை தன் முதல் சட்டமன்ற இடத்தைப் பிடித்தது. நெடுங்காலச் செங்கொடி ஆதிக்கம் அத்துடன் சரியத் தொடங்கிற்று. நிலம் கைமாறும் காலம் வந்தபோது எதிர்த்து நிற்கத் தக்க ஓர் அமைப்பு ஏன் இல்லாமற் போயிற்று என்பதற்கு இப்பிளவுகள் ஒரு பகுதி விடையாகும்.

5. 1982

வேலைநிறுத்தம் 1982 ஜனவரி 18-இல் தொடங்கியது. ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் வெளியேறினர். தலைமை தாங்கியவர் மருத்துவராக இருந்து தொழிற்சங்கத்துக்கு வந்த தத்தா சாமந்த். தொழிலாளர் வாயில் அவர் 'டாக்டர்'. கூலி, போனஸ் கோரிக்கைகளோடு 1946-ஆம் ஆண்டு பம்பாய்த் தொழில் உறவுச் சட்டத்தை நீக்க வேண்டும் என்பதும் சேர்ந்திருந்தது. ஒரு தொழிலுக்கு ஒரே சங்கத்தைப் பிரதிநிதியாக அங்கீகரிக்கும் அச்சட்டத்தின் கீழ், தொழிலாளர் நம்பிக்கை இழந்துவிட்ட ராஷ்ட்ரீய மில் மஸ்தூர் சங்கமே சட்டப்படி அவர்களுக்காகப் பேச முடிந்தது.

போராட்டம் ஒன்றரை ஆண்டுக்கு மேல் இழுத்தது. முறைப்படி முடித்துவைக்கப்படவே இல்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்குத் திரும்பவில்லை. முதலாளிகள் மும்பைக்கு அருகிலுள்ள பிவண்டி ஊரின் விசைத்தறிகளில் துணி நெய்து வாங்கித் தம் முத்திரை குத்தி விற்றுக்கொண்டனர். வேலைநிறுத்தமே ஆலைகளைக் கொன்றது என்ற வாதம் இன்றும் பரவலாக ஒலிக்கிறது. அது பாதி உண்மைகூட இல்லை என்பது எம் முடிபு. பல முதலாளிகள் பல ஆண்டுகளாகவே இயந்திரத்தில் புது முதலீடு செய்யாதிருந்தனர். விசைத்தறியின் மலிவு அவர்களை ஏற்கெனவே நெருக்கியது. நகர நடுவே நிலத்தின் விலையோ ஏறிக்கொண்டே போனது. துணி விற்பதைவிடத் தரையை விற்பது ஆதாயம் என்று தெரிந்த முதலாளிக்கு வேலைநிறுத்தம் இழப்பு ஏற்படுத்தவில்லை, வழி திறந்துவிட்டது.

ஆனால் வழி முழுவதும் திறக்கவில்லை. ஆலை நிலம் ஆலைக்கே என்று நகர் வளர்ச்சி விதிகள் தடுத்துநின்றன.

6. விதிகளின் வரலாறு

இக்கட்டுரையின் மையம் இதுதான்.

1991-ஆம் ஆண்டு வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளின் 58-ஆம் விதி ஆலை நிலத்தை வேறு பயனுக்குத் திருப்ப முதன்முறை இடம் தந்தது. நலிந்த ஆலையைப் புதுப்பிக்கப் பணம் திரட்டுவது அதன் சொல்லப்பட்ட நோக்கம். அதற்கு விலையாக நிலத்தில் பங்கு கேட்டது. 5 ஹெக்டேர் வரையுள்ள நிலத்தில் 33 விழுக்காடு மாநகராட்சிக்குத் திறந்தவெளியாக, 27 விழுக்காடு மாநில வீட்டுவசதி நிறுவனமான மாடாவுக்கு, மீதி 40 உரிமையாளருக்கு. 10 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் உரிமையாளர் பங்கு 30 ஆகக் குறையும். பேச்சு வழக்கில் இதை மூன்றிலொரு பங்கு விதி என்றனர். மூன்றில் இரண்டைக் கொடுக்க மனமில்லாத உரிமையாளர் பலர் பத்தாண்டு சும்மா காத்திருந்தனர். 1996-இல் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொர்ரியா தலைமையில் அரசு அமைத்த குழு, தேசிய ஜவுளிக் கழகத்தின் ஆலை நிலங்களைச் சேர்த்துப் பார்த்து, பூங்கா, வீடு, சாலை, இரயில் நிலைய முகப்பு என ஒருங்கே வகுத்த திட்டத்தைத் தந்தது. அது கிடப்பில் போடப்பட்டது.

2001-இல் அரசு அதே விதியைத் திருத்தியது. பங்கு விகிதம் மாறவில்லை. எதில் பங்கு என்பது மாறியது. கட்டடம் ஏதுமின்றி வெறுமையாகக் கிடக்கும் நிலத்தில் மட்டுமே பங்கு தந்தால் போதும், கூடங்களை இடித்தபின் கிடைக்கும் நிலம் கணக்கில் வராது என்பது திருத்தத்தின் சாரம். விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். 10 ஏக்கர் ஆலை ஒன்றில் 8 ஏக்கரில் கூடங்கள், 2 ஏக்கர் வெற்றிடம் என்று கொள்வோம். 1991 விதிப்படி ஊருக்கு 3.3 ஏக்கர் திறந்தவெளி, வீட்டுவசதிக்கு 2.7 ஏக்கர், உரிமையாளருக்கு 4 ஏக்கர். 2001 திருத்தப்படி ஊருக்கு 0.66, வீட்டுவசதிக்கு 0.54; உரிமையாளர் கையில் 8.8 ஏக்கர். பஞ்சாலைகள் மதிலுக்குள் நெருக்கமாகக் கூடம் கட்டியவை என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

பம்பாய் சுற்றுச்சூழல் செயற்குழு பொதுநல வழக்குத் தொடுத்தது. 2005 அக்டோபரில் உயர் நீதிமன்றம், இடித்தபின் கிடைக்கும் நிலத்தையும் சேர்த்தே பங்கிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2006 மார்ச் 7-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றித் திருத்தத்தை நிலைநிறுத்தியது. அவ்வளவுதான், கிரேன்கள் வந்தன.

வழக்கு நடந்துகொண்டிருந்த 2005-இலேயே தேசிய ஜவுளிக் கழகம் தன் ஆலைகள் சிலவற்றை ஏலம் விட்டது. மும்பையின் 58 ஆலைகளில் 25 இக்கழகத்தின் கையில் இருந்தன. நலிந்த ஆலைகளைத் தொழிலாளர் நலன் கருதி அரசுடைமை ஆக்கியபோது வந்தவை அவை. மும்பை டெக்ஸ்டைல் மில்ஸின் 17 ஏக்கரைக் கட்டுமான நிறுவனமான டி.எல்.எஃப். 702 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2012-இல் அதை 2,727 கோடிக்கு லோதா குழுமத்துக்கு விற்றது. ஏழாண்டில் ஏறிய அந்த 2,000 கோடியில் தறி ஓட்டியவருக்குச் சல்லிக் காசு இல்லை. பொதுச் சொத்தாக இருந்த நிலமே இப்படிப் போயிருக்க, தனியார் ஆலைகளைக் குறைகூறிப் பயனில்லை.

7. புதிய குடியிருப்பின் வடிவம்

லோயர் பரேல் ஸ்ரீநிவாஸ் மில்ஸ் நிலத்தில் 280 மீட்டர் உயரத்தில் வேர்ல்ட் ஒன் என்ற அடுக்ககம் நிற்கிறது. 442 மீட்டருக்குத் திட்டமிட்டு, விமானப் போக்குவரத்து அனுமதி கிடைக்காமல் குறைத்தது. ஃபீனிக்ஸ் மில்ஸ் வணிக வளாகமாயிற்று. பழைய புகைக்கூண்டை அலங்காரமாக வைத்திருக்கிறார்கள். வீட்டுத் தரகர்கள் லோயர் பரேலை 'அப்பர் வொர்லி' என்று விளம்பரம் செய்தனர். ஆலை நாற்றம் பெயரில்கூட ஒட்டியிருக்கக் கூடாது போலும்.

இங்கே நாம் காணும் முதன்மையான உண்மை, மதில்கள் அப்படியே இருப்பது. ஒவ்வோர் ஆலையும் தனித்தனியே விற்கப்பட்டது, தனித்தனியே கட்டப்பட்டது. ஆலை மதில் அடுக்கக மதிலாயிற்று. ஆலைக் காவலாளி நின்ற வாயிலில் தனியார் பாதுகாப்பு ஆள் நிற்கிறார். மதிலை உடைத்துக் குறுக்குத் தெரு விடவோ, இரு வளாகங்களுக்கு இடையே பூங்கா அமைக்கவோ கொர்ரியா குழுவின் திட்டம் வாய்ப்பளித்திருக்கும். அது நடவாததால், நடந்து வேலைக்குப் போன தொழிலாளருக்காக இடைவெளியில் விடப்பட்ட தெருக்களே இன்று கார் வைத்திருப்போர் பல்லாயிரவரின் போக்குவரத்தையும் அலுவலக ஊழியர் கூட்டத்தையும் சுமக்கின்றன. டிலைல் ரோடு பாலம் 2018-இல் மூடப்பட்டு 2023-இல்தான் முழுதாகத் திறந்தது. அந்த ஐந்தாண்டு அப்பகுதி பட்ட பாடு, மாற்றுத் தெரு இல்லாமையின் விலை.

2017 செப்டம்பர் 29 காலை, அன்று எல்ஃபின்ஸ்டன் ரோடு எனப்பட்ட பிரபாதேவி நிலையத்தின் குறுகிய நடைமேம்பால நெரிசலில் 23 பேர் மாண்டனர். ஆலைக் காலத்து நிலையம், அலுவலகக் காலத்துக் கூட்டம். அதே ஆண்டு டிசம்பர் 29 நள்ளிரவில் கமலா மில்ஸ் வளாகத்து மாடி உணவகத் தீயில் 14 பேர் மாண்டனர். இரண்டையும் தனித்தனி விபத்துகளாக விசாரித்தார்கள். நில ஆய்வாளருக்கு அவை ஒரே நிகழ்வின் இரு முகம்: உயரத்தில் கட்ட அனுமதி தந்தவர்கள், தரையில் நடக்க இடம் தரவில்லை.

8. பழையவர்க்குக் கிடைத்தது

மாடாவுக்கு வந்த சிறு பங்கில் தொழிலாளருக்கு வீடு கட்டிக் குலுக்கலில் தந்தனர். 2012 குலுக்கலில் 6,925 வீடுகள். ஒவ்வொன்றும் 225 சதுர அடி, விலை ஏழரை லட்சம். 2020-இல் பாம்பே டையிங், ஸ்ரீநிவாஸ் ஆலை நிலங்களில் 3,894 வீடுகள். விண்ணப்பித்த தொழிலாளரும் வாரிசுகளும் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். எஞ்சியோருக்கு இப்போது காட்டப்படும் இடங்கள் கர்ஜத் இரயில் தடத்தில் வெகு தொலைவிலுள்ள சேலு, வாங்கணி போன்றவை. அவற்றை ஏற்க மறுத்துச் சங்கங்கள் மும்பைக்குள்ளேயே நிலம் கேட்கின்றன. குலுக்கலில் வென்று வீடு பெற்றவரிலும் பலர் அதை விற்றுவிட்டோ வாடகைக்கு விட்டோ போய்விட்டனர் என்று கேலி செய்வோர் உண்டு. சுற்றிலும் கோடிக்கணக்கில் விலை போகும் தெருவில் கடைச் சாமானும் பராமரிப்புக் கட்டணமும் ஓய்வூதியமில்லாத முதியவருக்குக் கட்டுபடியாகுமா என்று அவர்கள் கேட்பதில்லை.

பி.டி.டி. சால்காரர் நிலை சற்று மேல். அரசு நிலம் என்பதால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 500 சதுர அடி வீடு அதே இடத்தில் இலவசமாகத் தரும் மறுகட்டுமானம் நடக்கிறது. 2025 ஆகஸ்டில் வொர்லியில் முதல் 556 வீடுகளின் சாவி கைமாறிற்று. தாதரில் இந்து மில் நிலம் ஏறத்தாழ 12 ஏக்கர், மக்கள் போராட்டத்தின் விளைவாக அம்பேத்கர் நினைவிடத்துக்குப் போயிற்று. நிலம் அரசின் கையில் இருந்து, கேட்பதற்கு ஆட்களும் இருந்த இடங்களில் வேறு முடிவு சாத்தியமாயிற்று என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

9. தமிழ்நாட்டுக்கு

இவ்வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் பாடம் உண்டு. 1918-இல் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களுள் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் எழக் காரணமான பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகள் 1996-இல் மூடின. அந்நிலத்திலும் இன்று அடுக்ககங்கள் உள்ளன. அங்கே நடந்தது நடந்துவிட்டது. கோவையின் பங்கஜா, முருகன், கம்போடியா ஆலைகளின் நிலை வேறு. அவற்றின் உரிமையாளர் மும்பையில் ஏலம் விட்ட அதே தேசிய ஜவுளிக் கழகம். 2020 ஊரடங்கில் அவற்றின் இயக்கம் நின்றது. நகர நடுவிலுள்ள அந்நிலங்கள் விற்பனைக்கு வந்தால், திறந்தவெளிக்கு எவ்வளவு, தொழிலாளர் வீட்டுக்கு எவ்வளவு, அப்பங்கு மொத்த நிலத்திலா வெற்றிடத்திலா என்பதை ஏல அறிவிப்புக்கு முன்பே தமிழக அரசு விதியாக எழுதி வெளியிட வேண்டும். ஏலம் முடிந்தபின் வழக்காடிப் பெற முடியாது என்பதற்கு 2006 மார்ச் தீர்ப்பு இருக்கிறது.